வாய்பாடு மனப்பாடமா?

தமிழில் ‘வாய்பாடு’ என்னும் சொல் மூன்று இடங்களில் ஊழியம் செய்கிறது. ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு என்று திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் கூவிப் படித்தது எண் வாய்பாடு. ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்று தமிழாசிரியர் சொல்வது இலக்கண வாய்பாடு. மூன்றாவது, இரசாயன நூல்களில் சேர்மங்களுக்கு எழுதும் வாய்பாடு. இவற்றுள் முதலாவதை மனப்பாடம் செய்தே தீர வேண்டும், வேறு வழியில்லை. இரண்டாவதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ‘செய்து’ என்பது ஓர் அச்சு. வந்து, உண்டு, நடந்து, எழுதி என ஆயிரம் சொற்களை அந்த அச்சில் வார்க்கலாம். அச்சை அறிந்தவன் பட்டியலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரசாயன வாய்பாடு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே என் கட்சி. நம் மாணவர்களோ அதை முதல் வகையாக எண்ணிக்கொண்டு படும் பாடு கொஞ்சமன்று.

ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்புகள் தொடங்கியதும் விடுதி அறைகளில் ஒரு தாள் சுற்றி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நூறு சேர்மங்கள், அவற்றுக்கு நேரே நூறு வாய்பாடுகள். மூத்த மாணவர்கள் அன்போடு கொடுக்கும் சீதனம் அது. கொடுக்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். நேர்மின் அயனிகள் இருபது, எதிர்மின் அயனிகள் இருபது. இந்த நாற்பதையும் அவற்றின் மின்சுமையோடு தெரிந்துகொண்டவன் நானூறு இணைப்புகளை எழுத வல்லவனாகிறான். (நானூறும் புட்டியில் கிடைக்கும் என்று சொல்லவில்லை, சில இணைப்புகள் உருவாவதே இல்லை.) நூற்றை உருப்போட்டவனுக்கு நூறுதான் தெரியும்; நூற்றொன்றாவது கேள்வி வந்தால் அவன் தோணி கவிழ்ந்துவிடும்.

இங்கே ஒரு சிறு விளக்கம். இக்கட்டுரையில் இரசாயனக் குறிகளை ஒலிக்கும் முறையிலேயே தமிழில் எழுதுகிறேன். நீர் என்பது எச்₂ஓ. சோதனைத் தாளில் யாரும் இப்படி எழுதிவிட வேண்டாம்!

இலக்கணம் மிகவும் எளியது. நேர்மின் அயனியை நிலைமொழியாகவும் எதிர்மின் அயனியை வருமொழியாகவும் கொள்ளுங்கள். இரண்டும் புணரும்போது மொத்த மின்சுமை சுழியாக வேண்டும், விதி அவ்வளவுதான். அலுமினியத்துக்கு நேர் மூன்று, ஆக்சைடுக்கு எதிர் இரண்டு. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு ஆறு. ஆறு வர இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன் வேண்டும். ஆகவே ஏஎல்₂ஓ₃. மக்னீசியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இருபுறமும் இரண்டே ஆதலால் ஒன்றுக்கு ஒன்று போதும்.

கால்சியம் பாஸ்பேட்டுக்கு வரும்போது பலர் தடுமாறுகிறார்கள். பாஸ்பேட்டு என்பது ஒரு பாஸ்பரசும் நான்கு ஆக்சிஜனும் பிரியாமல் வாழும் கூட்டுக் குடும்பம்; குடும்பத்துக்கு மொத்தமாக எதிர் மூன்று மின்சுமை. மூன்று கால்சியத்துக்கு இரண்டு குடும்பம் வேண்டும். குடும்பத்தைப் பிறை அடைப்புக்குள் வைத்து, அடைப்புக்கு வெளியே கீழே 2 என்று போட வேண்டும். இந்த அடைப்புக்குறியை அலங்காரம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்பை எடுத்துக் கொள்ளுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடில் ஒரு கால்சியம், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். அடைப்பை விட்டுவிட்டு எழுதினால் ஓர் ஆக்சிஜன் காணாமற் போய்விடுகிறது. எண்ணிப் பார்க்கும் தேர்வாளர் அதற்கு மதிப்பெண் தருவாரா?

சுண்ணாம்பைத் தொட்டுவிட்டேன்; இரண்டு வார்த்தை கூடச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் ஊரில் சுண்ணாம்பு என்பது ஒரே பெயர். ஆனால் சுண்ணாம்புக்கல் வேறு, சூளையில் சுட்டெடுத்த சுட்ட சுண்ணாம்பு வேறு, நீர் விட்டு நீற்றியபின் வெற்றிலையில் தடவுவது வேறு. முதலாவது கார்பனேட்டு, சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி இரண்டாவது ஆக்சைடு ஆகிறது, நீரை உறிஞ்சி, கொதித்து, மூன்றாவது ஹைட்ராக்சைடு ஆகிறது. சுவரில் அடித்த வெள்ளை நாளடைவில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கார்பனேட்டாகவே இறுகிவிடுகிறது. கல்லாகப் புறப்பட்டது கல்லாகவே திரும்புகிறது. இந்தக் கதை முழுவதையும் மூன்று வாய்பாடுகள் மூன்று வரியில் சொல்லிவிடுகின்றன. பெயர் ஒளித்து வைத்ததை வாய்பாடு வெளியே கொண்டு வருகிறது.

விதி என்றால் விலக்கும் உண்டு. இலக்கணம் கற்ற நமக்கு இது புதிதன்று. இரு எண்களுக்கும் பொதுக் காரணி இருந்தால் சுருக்கிவிடு என்பதே பள்ளிப் பாடம். ஹைட்ரஜன் பெராக்சைடில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். அதைச் சுருக்கக் கூடாது. பென்சீனில் ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன். அதையும் சுருக்கக் கூடாது. ஏனெனில் இவை மூலக்கூறுகள். ஒரு மூலக்கூறில் எத்தனை அணு இருக்கின்றன என்பதைச் சொல்வதே அங்கு வாய்பாட்டின் கடமை. சுருக்கினால் கிடைப்பது விகிதம் மட்டுமே. உப்புகளில் தனி மூலக்கூறு இல்லை. ஆதலால் அங்கே விகிதம் போதும்.

இந்த விலக்குக்கு நம் சித்த மருத்துவர்களின் பெட்டியிலேயே ஓர் அழகிய சான்று இருக்கிறது. பூரம், வீரம் என்று இரண்டு சரக்குகள். இரண்டிலும் இருப்பவை பாதரசமும் குளோரினும் மட்டுமே. வீரம் என்பது ஒரு பாதரசத்துக்கு இரண்டு குளோரின். நீரில் கரையும், கொடிய நஞ்சு. பூரம் என்பது இரண்டு பாதரசத்துக்கு இரண்டு குளோரின். நீரில் கரைவது மிக அரிது. மேல்நாட்டு மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கலோமல் என்ற பெயரால் பேதி மருந்தாகவே கொடுத்து வந்தார்கள்; பாதரசத்தின் தீங்கு விளங்கியபின் கைவிட்டார்கள். வாய்பாட்டில் ஓர் எண் மாறினால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் பூரத்தையும் வீரத்தையும் நினைத்துக் கொள்ளட்டும்.

சரி, பூரத்தில் இரண்டுக்கு இரண்டு என்பதை ஏன் ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கவில்லை? அதிலுள்ள பாதரச அணுக்கள் தனித்தனியே நிற்பதில்லை. இரண்டிரண்டாகக் கைகோத்து, இணைக்கு நேர் இரண்டு மின்சுமையோடு நிற்கின்றன. இணையைப் பிரித்து எழுதினால் இல்லாத ஒன்றை எழுதியதாகும். பிரபுல்ல சந்திர ரே அவர்கள் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆராய்ந்து 1896இல் வெளியிட்ட மெர்குரஸ் நைட்ரைட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் வாய்பாட்டிலும் பாதரசம் இரண்டாகவே நிற்கிறது.

மயில்துத்தம் தரும் பாடம் இன்னொரு வகை. நீலப் படிகத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் உடனுறைகின்றன. வாய்பாட்டில் ஒரு புள்ளி வைத்து, பிறகு 5எச்₂ஓ என்று எழுதுகிறோம். புள்ளிதானே என்று விட்டுவிடுகிறவர் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வார்? ஒரு லிட்டரில் ஒரு மோல் கரைசல் வேண்டுமானால் நீலப் படிகத்தில் ஏறக்குறைய 250 கிராம் நிறுக்க வேண்டும். அவர் நீரை மறந்து 160 கிராம் நிறுப்பார். கரைசலின் வலிமை 0.64 மோல்தான் இருக்கும். அன்று மாலை வரை செய்யும் சோதனைகள் அனைத்தும் பாழ். குற்றம் தராசின் மேல் போகும்.

பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. இரும்பு-மூன்று ஆக்சைடு என்றால் மூன்று இரும்பு என்று பொருளன்று. இரும்பின் மின்சுமை மூன்று என்று பொருள். வாய்பாட்டில் இரும்பு இரண்டே. ஆனால் டைநைட்ரஜன் பென்டாக்சைடு என்னும்போது ‘டை’யும் ‘பென்டா’வும் அணுக்களின் எண்ணிக்கையையே சொல்கின்றன. உலோகம் கலந்த உப்புக்கு ஒரு வழக்கு, அலோகங்கள் தம்முள் சேர்வதற்கு ஒரு வழக்கு. வழக்கு இரண்டு என்று தெரிந்துவிட்டால் குழப்பம் இல்லை. தெரியாதவனுக்குத் தீராத குழப்பம்.

இனித் தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே வரும் தம்பி தங்கைகளைப் பற்றிப் பேச வேண்டும். உண்மையில் அவர்களுக்காகவே எழுதத் தொடங்கினேன். ‘இணைதிறன்’ என்று படித்தவர் இங்கே வந்து முதல் வகுப்பில் அதன் ஆங்கிலப் பெயரைக் கேட்டு விழிக்கிறார். விழிப்பதைப் பார்த்து மற்றவர்கள் அவருக்கு இரசாயனமே தெரியாது என்று முடிவு கட்டுகிறார்கள். சில நாளில் அவரும் அதை நம்பிவிடுகிறார். அந்த நூறு வாய்பாட்டுத் தாளை முதலில் கையேந்தி வாங்குகிறவர் அவர்தாம். இரண்டாம் பருவத்தில் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்தில் விசாரிக்கிறவரும் அவர்தாம். இதைவிட வருந்தத்தக்கது வேறு என்ன? இணைதிறன் என்னும் சொல்லே தன் பொருளைத் தானே சொல்லிவிடுகிறது, இணையும் திறன் என்று. அந்தச் சொல்லோடு வந்தவர் மற்றவர்களுக்கு ஓர் அடி முன்னால் நிற்க வேண்டியவர் அல்லரோ?

இன்னொன்றையும் கவனியுங்கள். சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு. முதலாவதில் ஆக்சிஜன் இல்லை, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு. முதலிரண்டையும் ஆங்கிலத்தில் ஒலிக்கும்போது கடைசி எழுத்து வகுப்பின் சந்தடியில் மறைந்துவிடுகிறது. தமிழில் அப்படியன்று. ‘டு’ மென்மையாக ஒலிக்கும். ‘ட்டு’ வல்லொற்று இரட்டித்து அழுத்தமாக ஒலிக்கும். காடு, காட்டு என்று வேறுபடுத்தத் தெரிந்த எவரும் சல்பைடையும் சல்பைட்டையும் மயங்கமாட்டார். மயங்கினால் கேடு உண்டு. அமிலம் பட்டால் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவைத் தரும். சல்பைட்டு நெடியேறும் கந்தக டை ஆக்சைடைத் தரும்.

ஆனால் ஓரிடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் விழிப்பாக இருக்க வேண்டும். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் உரோமன் எழுத்தில் அந்தப் பேதத்தை அழகு என்று கருதிப் போகிற போக்கில் எழுதிவிடுகிறோம். சி, ஓ இரண்டும் பெரியதாக இருந்தால் அது கார்பன் மோனாக்சைடு, உயிரை வாங்கும் வாயு. ஓ மட்டும் சிறியதாக இருந்தால் அது கோபால்ட்டு, உலோகம். பெரிய எழுத்து வந்தால் புதிய தனிமம் தொடங்குகிறது. சிறிய எழுத்து வந்தால் முன்னதன் வால். இதை ஒருமுறை யாராவது எடுத்துச் சொன்னால் போதும். சொல்வாரில்லை என்பதே குறை.

இந்த இடத்தில் ஒரு தரப்பார் எழுந்து, “குறிகளையே தமிழில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே” என்பார்கள். அவர்களை எள்ளி நகையாடுவது எனக்கு உடன்பாடன்று. தமிழில் அறிவியல் சொல்ல வேண்டும் என்னும் ஆர்வம் பழையது, பெருமைக்குரியது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் செய்த முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் தமிழில் வந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொல்லுக்காகவே ஒரு சங்கம் கண்டார்கள். பின்னாளில் அவரே ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். எழுத்துப் பஞ்சமும் நமக்கு இல்லை. தனிமங்கள் 118, தமிழ் எழுத்துகள் 247. தனிமத்துக்கு ஓர் எழுத்து கொடுத்தாலும் பாதிக்கு மேல் மிஞ்சும்! சோடியத்துக்குச் ‘சோ’, குளோரினுக்குக் ‘கு’. உப்பு என்பது ‘சோகு’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முடியாது என்பதால் நான் மறுக்கவில்லை. வேண்டாம் என்பதால் மறுக்கிறேன். வாய்பாடு என்பது புட்டியின் மேல் எழுதும் முகவரி. கை தவறி அமிலம் கொட்டிய வேளையில் அந்தப் புட்டியைப் பார்ப்பவர் ஒரியரோ, பஞ்சாபியரோ, யாராகவும் இருக்கலாம். அப்போது ‘சோகு’ என்ன உதவி செய்யும்? உருசியரைப் பாருங்கள். தனிமங்களை அட்டவணைப்படுத்திய மெண்டலீவின் மொழி அது. தனி எழுத்தும் உண்டு. அவர்கள் வாய்பாட்டை உரோமன் குறிகளிலேயே எழுதி, தங்கள் வழக்கப்படி ‘ஆஷ்-த்வா-ஓ’ என்று படிக்கிறார்கள். சீனர்கள் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு தனி எழுத்தே படைத்து வைத்திருக்கிறார்கள். ஆயினும் வாய்பாடு எழுதும்போது உலகக் குறியைத்தான் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழ் நூல்களில் ஐதரசன், ஒட்சிசன், காபன் என்று பெயர்கள் வேறுபடும், குறி வேறுபடாது. இந்தியில் இரகுவீரா அவர்கள் ஹைட்ரஜனுக்கு ‘உதஜன்’ என்றும் ஆக்சிஜனுக்கு ‘ஜாரக்’ என்றும் வடமொழிப் பெயர்கள் சமைத்தார். ஆனால் மத்திய அரசு 1961இல் அமைத்த கலைச்சொல் ஆணையம், குறிகள் உரோமன் எழுத்திலேயே உலக வழக்கை ஒட்டி இருக்கட்டும் என்ற கொள்கையைத்தான் மேற்கொண்டது. பெயர் நம்முடையதாக இருக்கட்டும்; விளக்கம் நம்முடையதாக இருக்கட்டும்; குறி எல்லாருடையதாக இருக்கட்டும்.

அந்தக் குறிகள் ஆங்கிலேயரின் சொத்து என்று எண்ணுவதும் பிழை. சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமனி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், ஈயம் ஆகிய பதினொன்றுக்கும் குறி வேறு, ஆங்கிலப் பெயர் வேறு. நேட்ரியம், பெரம், ஆரம் என்று ஆங்கிலப் பிள்ளைகளும் புதிதாகத்தான் கற்க வேண்டும். பாதரசத்தின் பழம் பெயருக்கு ‘நீர்வெள்ளி’ என்று பொருள். நம் சித்தர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

குறிகளைப் படைத்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். டால்டன் அணுக்களை வட்டங்களாக வரைந்தார்: ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், ஹைட்ரஜனுக்கு நடுவே புள்ளியுள்ள வட்டம், கார்பனுக்குக் கறுப்பு வட்டம். பெர்சீலியஸ் 1813, 1814ஆம் ஆண்டுகளில், இலத்தீன் பெயரின் முதலெழுத்தே போதும் என்றார். முதிய டால்டனுக்கு அது பிடிக்கவில்லை. மாணவன் ஈப்ரு மொழியைக் கற்பதற்கு ஒப்பான தொல்லை என்று குறைபட்டுக் கொண்டார். அணுக்கொள்கையின் தந்தையே மிரண்டிருக்கிறார் என்றால் நம் முதலாண்டு மாணவர் மிரள்வதில் வியப்பென்ன?

குறி கிடைத்தும் வாய்பாடு உடனே நிலைக்கவில்லை. டால்டன் நீரை ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றே கொண்டார். 1861இல் கெக்குலே தம் நூலில், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்துக்கு அந்நாளில் வழங்கிய வாய்பாடுகளை வரிசைப்படுத்திக் காட்டினார்: ஒன்றல்ல, இரண்டல்ல, பத்தொன்பது! இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1860இல் கார்ல்ஸ்ரூ நகரில் இரசாயன அறிஞர்கள் கூடினார்கள். அங்கே கன்னிசாரோ பழைய அவகாட்ரோ கருத்தைக் கொண்டு அணு எடைகளை ஒழுங்கு செய்யும் வழியைக் காட்டினார். அதன் பிறகே மெல்லத் தெளிவு பிறந்தது. ஆக, இன்று நாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் எச்₂ஓ அரை நூற்றாண்டு வழக்காடிப் பெற்ற தீர்ப்பு. இதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதில்லை. நேரமில்லை என்கிறார்கள்; இருக்கலாம்.

நம் மன்றத்துக்கு நேரம் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கிற நாம், பருவத் தொடக்கத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், வாரம் ஒரு மணி நேரம், முதலாண்டு மாணவரோடு உட்கார முடியாதா? தமிழில் விளக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் இங்கே வகுப்பில் வழங்கும் ஆங்கிலச் சொல்லையும் உடனே சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

கருவியும் பெரிதாக வேண்டியதில்லை. அட்டையை ஒரே உயரத் துண்டுகளாக வெட்டுங்கள். மின்சுமை ஒன்றானால் மூன்று சென்டிமீட்டர் அகலம், இரண்டானால் ஆறு, மூன்றானால் ஒன்பது. நேர் அயனிகள் ஒரு நிறம், எதிர் அயனிகள் ஒரு நிறம். மேல் வரிசையில் அலுமினியத் துண்டுகளையும் கீழ் வரிசையில் ஆக்சைடுத் துண்டுகளையும் அடுக்கிக்கொண்டே போனால், இரண்டும் மூன்றுமாக வைத்த இடத்தில் இரு வரிசையின் விளிம்பும் ஒன்றாக வந்து நிற்கும். எண்ணிக் கீழே எழுத வேண்டியதுதான். பாஸ்பேட்டுத் துண்டில் குடும்பம் முழுவதையும் எழுதி ஒரு கோடு சுற்றிவிட்டால் அடைப்புக்குறி எதற்கு என்று கேட்கவே மாட்டார்கள். பூரத்துக்கு இரு பாதரசத்தையும் ஒரே துண்டில் எழுதிவிட வேண்டும், பிரிக்க முடியாதபடி. சென்ற விழாவுக்கு வாங்கி மிஞ்சிய வண்ண அட்டைகள் மன்றத்து அலமாரியின் கீழ்த்தட்டில் கட்டாகக் கிடக்கின்றன. நாற்பது அயனிகளுக்கும் அவை தாராளமாகப் போதும்.